குடாப்புக்குள் ஒரு மைக்

ஒரு விடுகதை போடட்டுமா? தஞ்சாவூர் போய்ச் சேரும்வரை கண்டக்டர் இந்தப் பக்கம் வரமாட்டார். வந்தாலும் இதைப் பார்த்து மறுபடி முறைப்பார், அவ்வளவுதான். நமக்கும் பொழுது போக வேண்டும். கேளுங்கள்.

கதவில்லாத வீடு. சன்னல் இல்லை, வாசல் இல்லை. உள்ளே போகிறவன் நடந்து போவதில்லை. வீடுதான் அவன்மேல் வந்து உட்காரும். வெளியே வருகிறவனும் நடந்து வருவதில்லை. வீடுதான் எழுந்து போகும். உள்ளே இருக்கிறவர்கள் அம்மா வரும்வரை அழுதுகொண்டே இருப்பார்கள். என்ன அது?

கூடையா? இல்லை. கோழிப் பஞ்சாரமா? பக்கத்தில் வந்துவிட்டீர்கள். உங்கள் முழங்காலை இடித்துக்கொண்டிருக்கிறதே, இதுதான் விடை. இதன் பெயர் குடாப்பு. பனையோலையில் முடைந்தது. ஆட்டுக்கிடை போடுகிறவர்கள் பால்குட்டிகளை இதற்குள் கவிழ்த்து வைத்துவிட்டு, மந்தையை மேய்ச்சலுக்கு ஓட்டிப்போவார்கள். நாய், நரி அண்டாது. சாயங்காலம் தாயாடுகள் திரும்பியதும் இதைத் தூக்குவார்கள். குட்டிகள் ஓடிப்போய் முட்டி முட்டிக் குடிக்கும்.

கொஞ்சம் தள்ளி வைக்கட்டுமா? வேண்டாமா? நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் காலை மட்டும் பார்த்து வையுங்கள். ஓலை கிழிந்தால் இன்னொன்று கிடைக்காது. இது ஒன்றைக் கண்டுபிடிக்க நான் எத்தனை ஊர் அலைந்தேன் தெரியுமா? எல்லாரும் இப்போது இரும்புக் கம்பியில் கூண்டு அடித்து, மேலே நீல வலையைச் சுற்றிவிட்டார்கள். நீல வலை! நினைத்தாலே குமட்டுகிறது.

நான் யார் என்று சொல்லவில்லையே. சிற்பி. கோயில் சிற்பி இல்லை. ஒரு கூடத்தையே கலையாக மாற்றிவிடுவேன்; நீங்கள் அதற்குள் நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் இதற்கு நல்ல மதிப்பு. கலை உலகத்தில் என் பெயர் ஆயன். வீட்டில் வைத்த பெயர் கூரிச்சாமி. அழைப்பிதழில் போட்டால் அது எடுப்பாக இல்லை.

சொந்த ஊர் கமுதிப் பக்கம். எங்கள் அப்பா கீதாரி. கிடைக்குத் தலைமையாக இருக்கிறவரை அப்படித்தான் சொல்வோம். தை அறுவடை முடிந்ததும் மந்தையை ஓட்டிக்கொண்டு இந்தக் காவிரிப் பக்கம் வருவார்கள். இராத்திரியில் வயலில் ஆட்டை அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். மழைக்கு முன்னால் ஊர் திரும்புவார்கள். என்னை மட்டும் சின்ன வயதிலேயே விடுதியில் சேர்த்துவிட்டார்கள். 'என் உடம்பு விடுதியில் தூங்கியது, என் கால்கள் மந்தையோடு நடந்தன' என்று ஒரு பேட்டியில் சொன்னேன். நல்ல வரி, இல்லையா? நிறையப் பேர் பாராட்டினார்கள்.

அந்த மந்தையை உலகமயம் தின்றுகொண்டிருக்கிறது. அதைத்தான் நான் உலகம் முழுவதும் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன தை மாதம் ஒரு வெளிநாட்டு அறக்கட்டளையிலிருந்து அழைப்பு வந்தது. சென்னையில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கிட்டங்கியைக் கலைக்கூடமாக மாற்றியிருக்கிறார்கள். அதில் பெரிய கூடம் முழுக்க எனக்கு. 'கடைசி மந்தை' என்று தலைப்பு வைத்தேன். கண்காட்சியை நடத்துகிற நந்திதா மேடம் தலைப்பைக் கேட்டதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஆயன், இதில் வலி இருக்கிறது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனால் இன்னும் கொஞ்சம் வலி வேண்டும். உயிருள்ளதாக ஏதாவது வேண்டும்" என்றார்.

உயிருள்ளது வேண்டும் என்றால் என் அக்கா குடும்பத்தை விட்டால் எனக்கு வேறு யார்? அக்கா பெயர் முத்திருளாயி. அவள் புருஷன் வழிவிட்டான், எனக்கு மச்சான். இன்றைக்கும் கிடை போடுகிறவர்கள். அப்போது ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ஒரு வயலில் இருந்தார்கள். வாடகைக் கார் பிடித்துப் போனேன். கண்ணாடியை இறக்கினேன்; அந்த வாசம் வந்தது. புழுக்கை, மூத்திரம், பால் கவிச்சி. என் பால்யத்தின் வாசம். உடனே கண்ணாடியை ஏற்றிவிட்டேன். எனக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது.

இறங்கிப் பார்த்தால், ஐயோ, என்னவென்று சொல்வது! கிடையைச் சுற்றி நைலான் வலை. மூங்கிலில் சோலார் விளக்கு. நடுவில் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. அதில் எங்கள் மச்சான், யாரோ ஒரு வெளிநாட்டுக் கால்பந்து ஆட்டக்காரனுடைய பனியனைப் போட்டுக்கொண்டு, முதுகில் அந்த ஆளின் பெயரோடு உட்கார்ந்திருக்கிறார். தலையில் முண்டாசு இல்லை, தொப்பி. காதில் வயர்.

"என்ன மச்சான் இது கோலம்?" என்றேன்.

"ஏன் மாப்ள, காத்தோட்டமா இருக்கு. வேர்வை ஒட்டாது. உனக்கும் ஒண்ணு எடுத்துத் தரவா?"

"அப்பாவுடைய கம்பளி எங்கே?"

"நாய்க்கு விரிச்சிருக்கு."

"நாய்க்கா!"

"குட்டி போட்டிருக்குல்ல? மெத்துனு இருக்கட்டும்னு உங்க அக்காதான் விரிச்சா."

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள். எங்கள் அப்பா போர்த்திய கம்பளி. கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டிய பொருள். அதன்மேல் ஒரு நாய்.

தலைப்பைச் சொன்னேன். மச்சான் காதிலிருந்து வயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். "கடைசி மந்தையா? யாரு மாப்ள கடைசி? அந்தா தெரியுது பாரு, பரமக்குடிக்காரன் கிடை. ரோட்டுக்கு அங்கிட்டு எங்க சித்தப்பா மகன் கிடை. யூரியா விலை ஏறுனதுல எங்கள ஆளுக்கு ஒரு பக்கம் கையப் பிடிச்சு இழுக்குறாக. கறி வேற பிளேன் ஏறிப் போகுது. கடைசியாம்ல! வாய வச்சுத் தொலைச்சுறாத, போ."

கறி விமானத்தில் போகிறதாம். சொல்லும்போது முகத்தில் ஒரு பூரிப்பு வேறு. தன்னைத் தின்கிறவன் வாய்க்குள்ளேயே நின்றுகொண்டு, பல் வரிசை நன்றாக இருக்கிறது என்று சொல்கிற மாதிரி.

அந்த நேரம் பார்த்து ஒரு மினி லாரி வந்து நின்றது. பாட்டுச் சத்தத்தில் வயலே அதிர்ந்தது. ஓட்டி வந்தது ஜெயிலானி என்று ஓர் ஆள். அபிராமத்துக்காரர். முன்பெல்லாம் கமுதியிலிருந்து இங்கே வருவதென்றால் மந்தைக்குப் பின்னாலேயே நடந்து வருவார்கள். இப்போது இந்த ஆள் லாரியில் ஏற்றி ஒரே பகலில் இறக்கிவிடுகிறார். நடை போய்விட்டது! 'நடை' என்றே நான் ஒரு படைப்புச் செய்திருக்கிறேன். தேய்ந்த செருப்புகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டது. துபாயில் ஓர் ஓட்டல் வரவேற்பறையில் இருக்கிறது. செருப்பெல்லாம் புதிதாக வாங்கி மெஷினில் கொடுத்துத் தேய்த்தது. அவ்வளவு தேய்ந்த செருப்புக்கு நான் எங்கே போவேன்?

அந்த ஜெயிலானி ஆளைப் பார்க்க வேண்டும் நீங்கள். தொந்தி, வெற்றிலைச் சாறு, லுங்கியெல்லாம் டீசல். ஏதோ ஒரு குட்டி வாயில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, அதே கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, எனக்கு ஒரு பன்னை நீட்டினார். "சாப்பிடுங்க மாப்ள. வழிவிட்டானுக்கு மாப்ளன்னா எனக்கும் மாப்ளதான்." வாங்கிக்கொண்டேன். அவர் திரும்பியதும் தூக்கிப் போட்டுவிட்டேன். ஓர் ஆடு தின்றது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். அக்காவுக்கு ஒரு மகள், எட்டு வயது. கமுதியில் விடுதியில் படிக்கிறாள். லீவுக்குக் கிடைக்கு வந்திருந்தாள். பெயர் கனிஷ்கா. பெயரைப் பார்த்தீர்களா? பிறந்தபோதே நான் 'ஆயர்கொடி' என்று பெயர் எழுதி அனுப்பினேன். "கூப்பிடுறதுக்குள்ள பிள்ளை ரோட்டைத் தாண்டிப் போயிரும்" என்று மச்சான் சொல்லிவிட்டார்.

இந்தப் பிள்ளைக்குக் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும், தாய்மாமன் நான் ஒருவன்தான். எனக்கு நேரம் அமையவில்லை. முதல் தடவை நாள் குறித்தபோது கொரியாவில் கண்காட்சி. அடுத்த தடவை கத்தார். அதற்கடுத்த தடவை ஊரில்தான் இருந்தேன், ஆனால் கொரியாவிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். அக்காவுக்கு இது பெரிய மனக்குறை. என்னைக் கண்டதும் அதைத்தான் ஆரம்பித்தாள்.

"தம்பி, எட்டு வயசாச்சு. காது மூளியா இருக்கு. விடுதியில பிள்ளைக கேலி பேசுதுக. உனக்கு மாமனே கிடையாதான்னு கேக்குதுகளாம். இது அங்க உக்காந்து அழுதிருக்கு. நீ மடியக் குடு, எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. மின்னல் மாதிரி. நந்திதா மேடம் கேட்டாரே, உயிருள்ளது! "அக்கா, குத்திவிடலாம். சென்னையில், என் கண்காட்சி திறக்கிற அன்றைக்கு. ஆட்டோடு வாருங்கள்" என்றேன்.

மச்சான் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அய்யனார் கோயில்ல குத்துறத எதுக்கு மாப்ள கிட்டங்கில குத்தணும்?"

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அக்கா. "எங்க குத்துனா என்ன? மாமன் மடி வந்தாச் சரி. தம்பி, நீ எங்க கூப்பிடுறியோ அங்க வாரோம்."

பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. "வலிக்குமா மாமா?"

"எறும்பு கடித்த மாதிரி."

"குட்டி தருவீங்கள்ல?"

அது எங்கள் வழக்கம். காது குத்துகிற அன்றைக்குத் தாய்மாமன் ஒரு பெட்டைக்குட்டி கொண்டுவர வேண்டும். பிள்ளைக்குக் காது குத்தியதும் அந்தக் குட்டிக்கும் காதில் குடும்பத்து அடையாளம் வெட்டுவார்கள். அன்றிலிருந்து அது அந்தப் பிள்ளையின் ஆடு. அது போடுகிற குட்டி, அந்தக் குட்டி போடுகிற குட்டி, எல்லாம் அந்தப் பிள்ளைக்கே. "தராமல் இருப்பேனா?" என்றேன். பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வயலைச் சுற்றி ஓடியது. அந்த டிரைவரிடம் போய்ச் சொன்னது. அந்த ஆளையும் 'மாமா' என்றுதான் கூப்பிட்டது. காதில் விழுந்தது, விட்டுவிட்டேன்.

உங்கள் வீட்டில் காது குத்தாத பெண்பிள்ளை யாராவது இருக்கிறதா? ஆறிலிருந்து ஒன்பது வயதுக்குள்? சும்மாதான் கேட்டேன். அடுத்த மாதம் இந்தப் படைப்பு துபாய்க்குப் போகிறது. சரி, விடுங்கள்.

கண்காட்சிக்கு நான் பட்ட பாடு! கூடத்தின் தரை முழுவதும் வெள்ளைப் பூச்சு. சுவரில் மந்தை, ஆளுயர ஆடுகள், ஃபைபரில் செய்து மேலே கம்பளி ஒட்டியது. கம்பளி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. நம் பக்கத்துச் செம்மறிக்கு வெறும் முடிதானே, அதுவும் பழுப்பு. பார்க்கிறவர்களுக்கு ஆடு என்றால் வெள்ளையாக, பஞ்சு மாதிரி இருக்க வேண்டும். நந்திதா மேடம் தொட்டுப் பார்த்துவிட்டு, "எவ்வளவு அசல்!" என்றார்.

பிள்ளைக்கான குட்டியையும் அப்படியே செய்திருந்தேன். வெண்கலக் கண். கழுத்தில் என் கையெழுத்து. சந்தையில் பிடித்து வருகிற குட்டியை விட எத்தனையோ மடங்கு உயர்ந்தது. கண்காட்சிக்கு முந்திய நாள் அவர்கள் லாரியில் வந்து இறங்கியதும் பிள்ளை கையில் கொடுத்தேன். வாங்கி, தட்டிப் பார்த்தது.

"மாமா, இது வளருமா?"

"வளராது. ஆனால் சாகவும் சாகாது. யோசித்துப் பார்."

யோசித்தது. "குட்டி போடுமா?"

மச்சான் லாரி டயரில் சாய்ந்துகொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். ஜெயிலானி தன் பங்குக்கு, "பிரியாணி கூடப் போட முடியாதேம்மா" என்றார். எவ்வளவு அருவருப்பான பேச்சு பாருங்கள். ஒரு கலைப்பொருளைப் பார்த்துச் சொல்கிற சொல்லா அது? பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. அதை ஜாக்கிரதையாக என்னிடமே திருப்பிக் கொடுத்தது. "நீங்களே வச்சிருங்க மாமா, எங்க கிடையில அழுக்காயிரும்" என்றது. நல்ல பிள்ளை. பொருளின் அருமை தெரிந்த பிள்ளை.

உண்மையான ஆடும் வந்திருந்தது. ஒரு வண்டித் தாயாடும் அதன் பால்குட்டிகளும். அதில்தான் ஒரு சிக்கல். வெள்ளைத் தரை. ஆடு என்றால் நின்ற இடத்தில் புழுக்கை போடும். நந்திதா மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஆயன், இவை... இவை வெளிக்குப் போகுமா?" மூக்கை மூடிக்கொண்டே கேட்டார். தூதரகத்து ஆட்கள் வருகிறார்களாம். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன்.

இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? தின்றால்தானே போடும். வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டேன்: நாளைக்கு நிகழ்ச்சி முடிகிறவரை இரை கிடையாது, தண்ணீர் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கப் போனால் நம்மையே பட்டினி போடுகிறார்கள், யாராவது செத்தா போகிறோம்? மச்சானுக்கும் அக்காவுக்கும் ஏசி லாட்ஜ் போட்டுக் கொடுத்தேன். "ஆட்ட விட்டுட்டுப் படுத்துப் பழக்கமில்லையே மாப்ள" என்று இழுத்தார். "இரை வருது மச்சான், கட்டுக் கட்டாக வருது, நீங்கள் போங்கள்" என்று அனுப்பினேன். அந்த டிரைவர்தான் போக மாட்டேன் என்று லாரியிலேயே படுத்துக்கொண்டார். காலையில் எனக்குப் போன் செய்தார். "மாப்ள, ஆடெல்லாம் என் லுங்கியக் கடிக்குது. இரை எங்க?" டாக்டர் சொல்லியிருக்கிறார், லாரியில் வந்த ஆட்டுக்கு ஒரு நாள் வயிற்றுக்கு ஓய்வு என்றேன். "அப்படி ஒரு டாக்டரா?" என்றார். போனை வைத்துவிட்டேன். ஒரு கலைஞன் எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்வது?

சாயங்காலம் திறப்பு. நான் சட்டை போடாமல், வேட்டி கட்டி, முண்டாசோடு வெள்ளைப் பீடத்தில் உட்கார்ந்திருந்தேன். தோளில் அப்பாவுடைய கம்பளி. துவைத்து, வாசனை போட்டது. நாயிடமிருந்து மீட்டேன் பாருங்கள், அது தனிக் கதை. மச்சானையும் பனியனைக் கழற்றவைத்துவிட்டேன். பிள்ளைக்குச் சீட்டித் துணியில் பாவாடை. பூனைப் படம் போட்ட கவுனைத்தான் போடுவேன் என்று அடம்பிடித்தது, வாங்கி உள்ளே வைத்துவிட்டேன். ஒரு மூலையில் வலைக்குப் பின்னால் தாயாடுகள். எதிர் மூலையில் குடாப்பு, அதற்குள் குட்டிகள். குடாப்புக்குள் ஒரு மைக்.

அந்த மைக் என் யோசனை. உள்ளே குட்டிகள் கத்துகின்றன. கூடம் முழுக்கப் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர். அந்தச் சத்தம் நாலு சுவரிலிருந்தும் வருகிறது. அந்தப் பக்கமிருந்து தாயாடுகள் பதில் சொல்கின்றன. வெளிச்சம் குறைகிறது. உங்களுக்கு எப்படிச் சொல்வேன்! சாதாரணமாகக் குட்டி கத்துவதைக் கேட்டிருப்பீர்கள், ஒரு சிணுங்கல், அவ்வளவுதான். இது வேறு. தொண்டை கிழிகிற கத்தல். முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கைக்குட்டையை எடுத்துவிட்டார். எல்லாம் பதிவாகியிருக்கிறது. துபாயில் வெறும் குடாப்பை வைத்து இந்தச் சத்தத்தை மட்டும் போட்டாலே போதும். ஆட்டுக்கு விசா எடுக்கிற தொல்லை இல்லை.

திட்டம் இதுதான்: பிள்ளை நடந்து வந்து என் மடியில் உட்காரும். ஆசாரி காது குத்துவார். பிள்ளை அழும். அந்த அழுகையும் குட்டிகளின் அழுகையும் ஒன்றாகும். அதற்குப் பிறகு குடாப்பைத் தூக்குவோம். எவ்வளவு ஒழுங்காக யோசித்திருக்கிறேன் பாருங்கள்.

பிள்ளை நடந்து வந்தது. அழகாக வந்தது. பாதி வழியில் நின்றது.

"மாமா, குட்டிக்குப் பசிக்குது" என்றது.

நான் சிரித்த முகமாக, "வா, ஆயர்கொடி" என்றேன்.

"தாயாட்டுக்குப் பாலே இல்ல மாமா. நான் காம்ப அமுக்கிப் பாத்தேன். மொதல்ல இரை போடுங்க. அப்புறம் குட்டியத் திறந்து விடுங்க. அப்புறம் நான் உக்காருறேன்."

கூட்டத்துக்கு இதுவும் நிகழ்ச்சி என்று நினைப்பு. நந்திதா மேடம் ஓரத்திலிருந்து 'தொடருங்கள், தொடருங்கள்' என்று கையைச் சுழற்றினார். "முதலில் காது, பிறகு குட்டி. வா செல்லம், தங்கத் தோடு வாங்கி வைத்திருக்கிறேன்" என்றேன். இதற்கு மேல் ஒரு மாமன் எப்படிப் பேச முடியும்?

மச்சான் வலை ஓரத்தில் நின்றவர் குனிந்து ஓர் ஆட்டின் வயிற்றைத் தடவினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இரை போட்டியா மாப்ள?"

நான் முண்டாசைச் சரிசெய்துகொண்டேன். நிகழ்ச்சி நடக்கும்போது பேசக் கூடாது.

"நேத்துலருந்து போடலையா? தண்ணி?"

அதற்குள் பிள்ளை குடாப்பிடம் போய்விட்டது. விளிம்பைப் பிடித்து ஒரே தள்ளு. மைக் உருண்டு 'கீ' என்று அலறியது. எல்லாரும் காதைப் பொத்தினார்கள். குட்டிகள் வெள்ளைத் தரையில் வழுக்கி வழுக்கி ஓடின. மச்சான் வலையைத் தூக்கிவிட்டார். ஒவ்வொரு குட்டியும் தன் தாயைத் தேடிப்போய் முட்டியது. முட்டியது, விட்டது, மறுபடி முட்டியது. ஒன்றும் வரவில்லை போலிருக்கிறது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. உண்மையில் நான் யோசித்த முடிவை விட இது நன்றாகவே இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

அந்த நேரத்தில் பின்கதவை உதைத்துக்கொண்டு ஜெயிலானி உள்ளே வந்தார். தலையில் ஒரு பெரிய அகத்திக்கீரைக் கட்டு. எந்த மார்க்கெட்டில் போய்ப் பிடித்தாரோ. மேல் முழுக்க வேர்வை. என் தரைக்கு நடுவில் கட்டை 'தொப்'பென்று போட்டுப் பிரித்தார். பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ஆடுகள் பாய்ந்தன. பின்னால் நின்ற ஒன்று சுவரிலிருந்த ஆஸ்திரேலியக் கம்பளியைக் கடித்து இழுத்தது. பட்டினி கிடந்தும் ஓர் ஆடு புழுக்கை போட்டது. வெள்ளைத் தரையில், தூதரகத்துக்காரர் காலடியில். அந்த நாற்றம், அந்தக் கீரைச் சாறு, அந்த ஆளின் வெறும் கால் தடம். கம்பளியை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

அவருக்கு ஒரு வெட்கமும் இல்லை. கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, கொழுந்தாகக் கிள்ளிக் கிள்ளி மெலிந்த தாயாடுகளுக்கு ஊட்ட ஆரம்பித்தார்.

நான் பொறுமையை விடவில்லை. "சரி, எல்லாம் ஆயிற்று. வா, உட்கார்" என்று மடியைத் தட்டினேன். ஆசாரி ஊசியோடு நின்றுகொண்டிருந்தார். அக்கா பிள்ளையின் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "போ தாயி. மாமன் கூப்பிடுதுல்ல. இத விட்டா எப்ப? போ." அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

பிள்ளை நகரவில்லை.

"விடு அத" என்றார் மச்சான். சத்தம் போடவில்லை, அதுதான் எனக்கு அசிங்கமாக இருந்தது, ஏதோ நான் அந்த இடத்திலேயே இல்லாத மாதிரி பேசினார். "காது அதோடது. வலியும் அதுக்குத்தான். எந்த மடியில உக்காரணுமோ அதுவே உக்காரட்டும்."

நீங்களே சொல்லுங்கள், எட்டு வயதுப் பிள்ளையிடம் விடுகிற விஷயமா இது? மடி என்றால் கடையில் மிட்டாய் பொறுக்குகிற மாதிரியா? நான் தாய்மாமன். முறை என்று ஒன்று இருக்கிறது. அதைக் காப்பாற்றத்தானே இவ்வளவும் செய்தேன். நந்திதா மேடம் பார்க்கிறார், தூதரகம் பார்க்கிறது, நான் கம்பளியோடு கையை விரித்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.

ஜெயிலானி கூடத் திரும்பிப் பார்த்து, "அங்க போ தாயி, நான் ஆட்டப் பாக்குறேன்" என்றார்.

பிள்ளை போய் ஜெயிலானி மடியில் உட்கார்ந்து, ஆசாரிக்குக் காதைக் காட்டியது.